தவளை தேடும் உத்தியோகத்திலிருந்து ராஜினாமா

சலமான்கா,
வியாழக்கிழமை.

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்கா பெனில்தேவுக்கு,

தம்பி எலாடியோ எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். கழுத்து மட்டும் நலமில்லை, காரணம் கீழே வரும். அங்கே நீயும் அத்தானும், உத்தரத்தில் காயும் பன்றித் தொடைகளும், உப்பும் மலைக்காற்றும் குறையாமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நீ கொடுத்த உத்தியோகத்தை ராஜினாமா செய்யவே இக்கடிதம். கோபத்தில் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன், தீர்ப்பை நீயே சொல்.

உன் மகன் லெயாந்திரோ ரோமானியச் சட்டத்தில் விழுந்து விழுந்து எழுந்தவன் என்பதும், இந்தப் பரீட்சைதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு என்பதும், இதையும் கோட்டை விட்டால் வக்கீல் கனவை மூட்டை கட்டிவிட்டுக் உங்கள் ஊர் கிஹுவேலோவில் அத்தானோடு பன்றித் தொடைக்கு உப்புத் தேய்க்க வேண்டியதுதான் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அவனை என் வீட்டில் தங்கவைத்துப் படிக்க விடச் சொன்னாய், விட்டேன். அதோடு நிறுத்தினாயா? போனில் கூப்பிட்டு ஒரு குண்டைப் போட்டாய். "எலாடியோ, புள்ள இன்னும் தவளையப் பாக்கலடா! முகப்புல செதுக்கியிருக்கிற தவளையத் தானாக் கண்டுபிடிக்கிற பயதான் பாஸாவான்னு ஊரே சொல்லுதே, அதான் இவன் ஃபெயிலாகிட்டே இருக்கான். தினம் சாயங்காலம் நீயே கூட்டிட்டுப் போய் பல்கலைக்கழக முகப்புக்கு எதிர்ல நிறுத்து. ஆனா நீ காட்டிடாத, அவன் கண்ணாலயே கண்டுபிடிக்கணும். வேற எவனாவது கை நீட்டிக் காட்டிட்டாலும் பரீட்சை அம்பேல். உன் பொறுப்பு!" என்று வைத்துவிட்டாய். நான் அறுபத்தேழு வயது ஆள், தபால் நிலையத்தில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன், என் மனைவி அசுந்தா போனபிறகு ரொட்டிக் கடைக்கும் பூசைக்கும் தவிர வாசற்படி தாண்டாதவன். ஒரு கல் தவளைக்குக் காவற்காரனாகப் போட்டுவிட்டாயே, உன்னை என்ன சொல்ல!

பல்கலைக்கழகத்து முகப்பு எப்படிப்பட்டதென்று உனக்கே தெரியும். விரற்கடை இடம் விடாமல் செதுக்கித் தொலைத்திருக்கிறான்கள். ராஜா, ராணி, போப்பாண்டவர், கொடி, இலை, இறக்கை முளைத்த பிள்ளைகள், மண்டையோடுகள். அதில் ஒரு மண்டையோட்டின் உச்சியில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் அந்தப் பாழாய்ப்போன தவளை. வெயில் சாயும்போது கல் முழுக்க ரொட்டியின் மேலோடு மாதிரி சிவந்துவிடுகிறது, அப்போது எது தவளை எது இலை என்று சாமியாருக்கே தெரியாது. உன் மகனோ தவளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தான். "மாமா, அந்த அம்மா யாரு, மூக்கு ஒடஞ்சவங்க? அப்படியே எங்கம்மா மாதிரி மொறைக்கிறாங்க." தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? பிறந்து வளர்ந்தது இந்த ஊர். சுற்றுலா வழிகாட்டும் அமாயா என்ற பெண்ணைத் தனியே ஓரங்கட்டிக் கேட்டு, மறுநாள் எனக்கே தெரிந்த மாதிரி சொன்னேன். அதற்கு மறுநாள் அவன் வேறொன்றைக் கேட்டான். "ராஜாவுக்கும் ராணிக்கும் எதுக்கு மாமா ஒரே செங்கோலு?" இப்படியே தினமும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் என் கழுத்து பிடித்துக்கொண்டது. படிக்க வேண்டிய பயல் பாடத்தில் கேட்காத கேள்வியெல்லாம் கல்லைப் பார்த்துக் கேட்டான்.

காவல் காப்பது லேசுப்பட்ட காரியமா? போகிற வழியெல்லாம் பொம்மைக் கடை, கடையெல்லாம் தவளை. மண்டையோட்டின்மேல் தவளை, மாணவர் குல்லாய் போட்ட தவளை, சாவிக்கொத்தில் தொங்குகிற தவளை. தவளையின் இருப்பிடத்துக்கே இவை துப்புக் கொடுத்துவிடுமே என்று நான் முன்னால் ஓடி ஒவ்வொரு கண்ணாடிக்கும் குறுக்கே நின்றேன். ஒரு கடைக்காரி வெளியே வந்து, "ஏங்க, பொருள் வாங்க வந்தீங்களா, இல்ல எங்கடைக்குத் திரைச்சீலையா வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். தெருவே சிரித்தது.

முகப்புக்கு எதிரே இருக்கும் முற்றத்துக்கு வந்தால் அடுத்த கண்டம். குடையை உயர்த்திக்கொண்டு அமாயாவின் கூட்டம் வரும். அவள் "இப்ப எல்லாரும் பாருங்க, தவளை..." என்று ஆரம்பித்ததும் நான் இருமத் தொடங்குவேன். நிஜ இருமலைவிடப் பலமாக. ஜெர்மன்காரி ஒருத்தி முதுகைத் தட்டினாள், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் நாள் அமாயாவே கிட்ட வந்து, "ஐயா, நெஞ்சு வெடிச்சிடப் போகுது. விஷயத்த சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சிரித்துவிட்டு, "இவ்வளவுதானா? இனிமே உங்கள பாத்தா தவளைய விட்டுட்டு போப்பாண்டவர் கதையையே இழுக்கறேன். நீங்க இருமாதீங்க, ஜனங்க பயப்படுறாங்க" என்றாள். தங்கமான பெண். ஆனால் போப்பாண்டவர் கதை அப்படி ஒன்றும் நீளமில்லை, அதனால் இரண்டாம் சுற்றில் எனக்குத் தெரிந்ததை நானும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு கூட்டம் எனக்குக் கைதட்டியது. இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பரீட்சைக்கு முந்தின சாயங்காலம். எங்கிருந்தோ வந்த ஒருவன் கையில் பச்சை வெளிச்சம் அடிக்கும் பேனா ஒன்றை வைத்துக்கொண்டு, வலதுபக்கத் தூணில் அந்தப் புள்ளியை மெல்ல மெல்ல மேலே ஏற்றுகிறான். இன்னும் இரண்டு சாண் ஏறினால் தவளை! கத்த நேரமில்லை. என் தொப்பியைக் கழற்றி உன் மகன் மூஞ்சியில் அப்பினேன். "ஐயோ மாமா, என்ன பண்றீங்க!" என்று அவன் குருடன் மாதிரி பின்னால் போய், நடு முற்றத்தில் நிற்கும் துறவி சிலையின் பீடத்தில் இடித்து, கணுக்காலை மடக்கிக்கொண்டு விழுந்தான். அந்தத் துறவி கையை நீட்டி 'சாந்தம், சாந்தம்' என்கிற மாதிரியே நிற்கிறார். வீக்கம் பூசணிக்காய் அளவு. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரின் ஊன்றுகோலோடு போய், காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ரோமானியச் சட்டம் எழுதினான். தவளையை அவன் கடைசிவரை பார்க்கவேயில்லை. நானும் காட்டவில்லை, மாதா சத்தியம். எனக்குத்தான் மனசு உறுத்துகிறது அக்கா. பையன் தோற்றுவிட்டால் அதற்குப் பாதிக் காரணம் என் தொப்பி.

ஆகவே இந்த மூடநம்பிக்கையிலிருந்தும் காவல் வேலையிலிருந்தும் இன்றோடு விலகிக்கொள்கிறேன். வீட்டைவிட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. இனி யார் கூப்பிட்டாலும் வாசல் தாண்டுவதாக இல்லை. அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலிக்கும், நீ மேய்க்கும் எல்லோருக்கும் மாதா துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
கழுத்து திரும்பாத தம்பி,
எலாடியோ

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது லெயாந்திரோ நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். பாஸ்! அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. நான் கட்டிப் பிடித்து, "தவளையப் பாக்காமலே எப்படிடா?" என்றேன். "அத ஏழு வயசுலயே பாத்துட்டேன் மாமா. அம்மாதான் குடை முனையால காட்டினாங்க. தெரியலன்னு சொன்னதுக்குத் தலையில ஒரு குட்டு வேற" என்கிறான்! "அப்ப தினம் சாயங்காலம் என் கழுத்த எதுக்குடா ஒடிச்ச?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அம்மா சொன்னாங்க. 'உங்க மாமா அத்த போனதுலேர்ந்து இருட்டுல உக்காந்திருக்கான். வான்னு கூப்பிட்டா வரமாட்டான், வேலை குடுத்தாத்தான் வருவான்'னு." எனக்கு முதலில் கோபம் வந்தது, அக்கா. பிறகு அழுகை வந்தது, அவன் முன்னாலேயே. இதற்கு நீ பதில் எதுவும் எழுத வேண்டாம். அவன் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறான். சாயங்காலம் நான் தனியாகவே போய்க்கொள்கிறேன். இடதுபக்கத் தூணை இன்னும் பார்த்து முடிக்கவில்லை.