டிராகனுக்குத் தடையில்லாச் சான்று

அன்புள்ள இங்கபாருவுக்கு,

இப்படி எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து உன்னை நான் 'இங்க பாரு' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், நீ என்னை 'உங்களத்தான்' என்று கூப்பிட்டிருக்கிறாய். இந்த வயதில் திடீரென்று உன் பெயரை எழுதினால் யாரோ வேறு ஒருத்திக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி எனக்கே கூச்சமாக இருக்கிறது. நிற்க. நான் இங்கே நலம். நீயும் நம் பெண்ணும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி நலம் என்பது போனிலேயே தெரிகிறது. நீ போனை அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறாய், அவள் அதைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள், அதன்பிறகு எனக்குத் தெரிவதெல்லாம் அந்த வீட்டு மேற்கூரைதான். அதில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லை. மாப்பிள்ளையிடம் சொல்.

இது அலுவல் நிமித்தமான கடிதம். போன வாரம் பெண் போனில், அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா, குட்டி பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்று கேட்டாள். நான் "தாராளமா" என்றேன். நீ பக்கத்தில்தான் இருந்திருப்பாய், ஒன்றும் சொல்லவில்லை. வாயால் சொன்ன அனுமதி செல்லாது என்று வேலையில் இருந்த காலமெல்லாம் ஊருக்கே உபதேசம் செய்தவன் நான். தியேட்டரோ துணிக்கடையோ, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று எழுத்தில் இல்லாமல் ஒரு ஷட்டரைத் தூக்க விட்டதில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன்: நீ அங்கேயே தங்கியிருப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. வீடு பத்திரமாக இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். சொல்லப்போனால் நீ இல்லாததில் ஒரு வசதிகூட இருக்கிறது. நம் வாசல்கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, அதை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்று எத்தனை வருஷமாகக் கத்துகிறேன்! ஆபத்து என்றால் ஜனங்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள், கதவு வெளியேதான் திறக்க வேண்டும், அதுதான் விதி. நீ விட்டாயா? "வர்றவங்க மூஞ்சியில கதவால அடிக்கவா?" என்று ஒரே பேச்சில் தச்சரைத் திருப்பி அனுப்பினாய். இப்போது தடுக்க ஆளில்லை. தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டம்மா உனக்குப் போன் போட்டு ஏதாவது சொல்லியிருந்தால் நம்பாதே. இல்லை, நம்பு, ஆனால் என் பக்கத்தையும் கேள். எல்லாம் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற பெரிய மண்டபத்தின் மேனேஜரால் வந்தது. ஓய்வு பெற்ற மனுஷன் சும்மாதானே இருப்பார் என்று நினைத்தாரோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மாயக்கதை ரசிகர் மாநாடு நடக்கிறது, டிராகன் எல்லாம் கொண்டுவருகிறார்களாம், ஒரு தடவை வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். மாநாடு என்றதும் நான் மைக், மேடை, தூங்குகிற முன்வரிசை என்று நினைத்துக்கொண்டேன். பீரோ மேலிருந்து பழைய காக்கிச் சட்டை, ஹெல்மெட், விசில், டார்ச் எல்லாவற்றையும் இறக்கி மாட்டிக்கொண்டு போனேன். சட்டையில் நடுப்பித்தான் மட்டும் ஒத்துழைக்கவில்லை. வாசலில் நீண்ட காதுக்காரர்கள் இரண்டு பேர் சீட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது ரப்பர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிரமாதம் சார், நீங்கள் எந்த ராஜ்யம் என்று கேட்டார்கள். தீயணைப்புத் துறை என்றேன். ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு, 'தீக்காவலர்' என்று எழுதின அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். உள்ளே போனால் வாலும் இறக்கையும் அட்டைக் கத்தியுமாக ஒரே கூட்டம். அத்தனை பேரும் வளர்ந்தவர்கள், வேலைவெட்டி பார்க்கிறவர்கள், சிலருக்கு என்னைவிட வழுக்கை. என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் அதிகாரி, வேஷம் இல்லை என்று சொல்லச் சொல்ல, அப்படியே அந்தக் குரலிலேயே இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்கள். டிராகன் கம்பியும் தெர்மகோலும் துணியுமாக, சரியாக அவசர வழிக்கு முன்னால் படுத்திருந்தது. இது தீ கக்குமா என்று விசாரித்தேன். "கண்டிப்பா கக்கும் சார்" என்று அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. உள்ளே இருந்தவர் பல் டாக்டர். அவருக்கு அது பெருமை, எனக்கு அது குற்றம். விசில் ஊதி டிராகனை நகர்த்தினேன், பக்கத்தில் மணல் வாளி வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் மணல் வாளிக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கிறது. 'டிராகனின் அஞ்சா எதிரி' என்று யாரோ அதற்குப் பெயர்ப்பலகை வைத்துவிட்டார்கள், வாளியோடு படம் எடுத்துக்கொள்ள அடிதடி. என் சர்வீஸில் ஒரு மணல் வாளிக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. வாளியில் சிகரெட் துண்டைப் போடுவார்கள், வெற்றிலைச் சாறு துப்பாத குறைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அத்தோடு கிளம்பி வந்திருக்கலாம். ஆனால் மூலையில் ஒரு துணிக்கூடாரம் தெரிந்தது, துணி என்றாலே எனக்குக் கை சும்மா இருக்காது. உள்ளே வட்டமாக உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம்: ஒரு லாந்தர் விளக்கு கைமாறிக்கொண்டே போகும், விளக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கதையைத் தொடர வேண்டும். (பேட்டரி விளக்குதான், திருப்பிப் பார்த்துவிட்டேன்.) அப்போது சூனியக்காரி வேஷத்தில் ஒரு அம்மா கையில் விளக்கு இருந்தது, மற்ற நாட்களில் அவர் வங்கியில் காசாளராம். கோட்டை ஜனங்கள் எல்லாரும் கோபுரத்து உச்சியில் மாட்டிக்கொண்டார்கள், கீழேயிருந்து நெருப்பு ஏறி வருகிறது, இருப்பது ஒரே ஒரு சுழல்படி, அதுவும் இடிந்துவிட்டது, இனித் தப்ப வழியே இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "அந்தக் கோபுரத்துக்கு ரெண்டாவது வழி எங்க? ரெண்டாவது வழி இல்லாம யாரு அனுமதி குடுத்தது?" என்று கேட்டுவிட்டேன். கூடாரத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. சரி, வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று ஹெல்மெட்டை எடுத்தேன். அந்த அம்மா எழுந்து வந்து விளக்கை என் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தெரிந்ததைத்தானே சொல்ல முடியும். மேற்குச் சுவருக்குப் பின்னால் ஒரு படிக்கட்டைக் கண்டுபிடித்தேன். ஓடாதே, தள்ளாதே, குழந்தைகள் முதலில், ஒரு கை சுவரில், மூக்கில் ஈரத்துணி. கோட்டை மந்திரவாதியிடம் துணி இல்லை, தாடியை நனைத்துக் கட்டிக்கொண்டான். கதவெல்லாம் வெளிப்பக்கமாகத் திறந்தன, அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டிராகன்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்று இறங்கியது. அத்தனை பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்க பாரு, என்னை ஒருத்தர் இப்படிக் கேட்டதே கிடையாது. இதையே பயிற்சி வகுப்பில் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். ஒரு ஹாலுக்குள் நுழைந்ததும் அது பற்றி எரிகிறதை மனசுக்குள் பார்த்தாக வேண்டும், யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று பார்த்தாக வேண்டும், அதுதானே என் உத்தியோகம்? அப்போ இத்தனை வருஷமா நான் பண்ணினதும் கதைதானே? இவர்கள் இல்லாததைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், நான் இல்லாததைப் பார்த்துப் பயந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே ஒரு தடவைகூட என் மனசுக்குள் எதுவும் பறந்ததில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

எல்லாரையும் கோட்டைத் திடலில் நிறுத்திப் பேர் கூப்பிட்டேன், அது முடியாமல் மீட்பு முடிந்ததாகாது. கூப்பிட்டுக்கொண்டே வந்த வாய் தானாகச் சொல்லிவிட்டது, எல்லாரும் வந்தாச்சு, ராணியை மட்டும் காணோம் என்று. ஏன் சொன்னேன், எனக்கே தெரியாது. வாலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பல் டாக்டர், ஐயோ, ராணி உள்ளேயே மாட்டிக்கொண்டாளா என்றார். "அவளுக்கு ஒண்ணும் ஆகல. நெருப்புக்கு முன்னாடியே கெளம்பிட்டா. வேற ராஜ்யத்துல ஒரு குழந்தை பொறந்திருக்கு, பாத்துக்கப் போயிருக்கா" என்றேன். அப்போதுதான் அந்தக் காசாளர் அம்மா கேட்டார். "உங்க கோட்டையில எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்குது, வெளியிலேருந்து தள்ளினா திறக்காது. அவங்க திரும்பி வந்தா எப்படி உள்ள வருவாங்க?"

ஜனங்கள் வெளியே போவதற்கு எத்தனை விதி உண்டோ அத்தனையும் மனப்பாடம். உள்ளே வருவதற்கு எங்கள் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. விளக்கின் பேட்டரி மூடியைத் திறந்து மூடினேன். பரவாயில்லை, அடுத்த மாதம் கூடும்போது யோசித்துச் சொல்லுங்கள் என்று விளக்கை வாங்கிக்கொண்டார்கள். கதை அங்கேயே நிற்கிறது.

பதில் எங்காவது இருக்குமா என்று நூலகத்தில் தேடப்போய்ப் பைத்தியம் முற்றிவிட்டது. தலையணை தலையணையாக மாயக்கதைப் புத்தகங்கள் எடுத்துவருகிறேன். பேரனுக்கா சார் என்று நூலகர் கேட்டார், ஆமாம் என்றேன். இப்போது பார்க்கிறபோதெல்லாம் பேரன் எந்தப் பாகத்தில் இருக்கிறான் என்று விசாரிக்கிறார், நானும் அவன் அழுதுவிட்டான் என்றெல்லாம் சொல்லிவருகிறேன். அடுத்த மாதத்துக்கு ஒரு போர்வை அங்கி வேண்டியிருந்தது. முன்னறை ஜன்னல் திரை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தோளில் போட்டு அளவு பார்த்துக்கொண்டே, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு குதிரை கடலுக்கு மேலே பறக்கிற பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரமும் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டுத் தீயணைப்பு வண்டிக்கே சொல்லிவிட்டார். மணி அடித்துக்கொண்டு வந்து இறங்கியவர் யார் தெரியுமா? எனக்குக் கீழே வேலை பழகியவர், இப்போது என் நாற்காலியில் உட்காருகிற அதிகாரி. பாத்திரத்தைப் பார்த்தார், என் தோளில் தொங்கின ஜன்னல் திரையைப் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சார், அம்மா எப்ப வர்றாங்க?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். வண்டி முன்னால் தெருவே நிற்கிறது, நான் ஜன்னல் திரையைக் கழற்றி மடித்தேன். பாத்திரம் போய்விட்டது. உன் நீலக் கைப்பிடி போட்ட பாத்திரம்தான்.

இதையெல்லாம் குறையாக எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சிரமம். புத்தகத்தில் நல்ல இடம் வந்தால் என்னையறியாமல் 'இங்க பாரு' என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிடுகிறேன். யாரும் பார்ப்பதில்லை. அப்புறம் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தால் அவ்வளவு நன்றாக இருப்பதில்லை. குதிரை பறக்கிறதுதான், ஆனால் அதைப் பார்த்து "ஆமா, ரொம்ப அவசியம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

பேத்திக்கு என் முத்தங்கள், அவள் நல்லபடி வளர்ந்து போனைத் தின்னாமல் இருக்க ஆசிகள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு, புகைக் கருவி பற்றி ஒரு நினைவூட்டல். சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள், யாராவது கேட்டால் காட்டு.

இப்படிக்கு,
உங்களத்தான்

பின்குறிப்பு: ஒட்டின உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இன்று தச்சர் வந்தார். கதவைக் கழற்றுவதற்கு முன்னால், வெளிப்பக்கம் திறந்தால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று பார்க்க என்னை வாசலில் நிற்கச் சொன்னார். நின்றேன். இரண்டு கையிலும் பெட்டியோடு வருகிற ஆள் எங்கே நிற்கும் என்று பார்த்து நின்றேன். நீ சொன்னது சரி. மூஞ்சியிலதான் அடிக்கும். தச்சருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். கதவு இருந்தபடியே இருக்கிறது, தோளால் லேசாகத் தள்ளினால் போதும். கோட்டைக்கும் இதே கதவைத்தான் போடப்போகிறேன், கூடாரத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைச் சொல்வேன். மேலே முதல் பக்கத்தில் நான் வழங்கிய தடையில்லாச் சான்று இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. எனக்கு ஆட்சேபணை இருக்கு. ரொம்ப இருக்கு. வந்துடு.