பங்குக் கிணற்றில் இன்டர்நெட்

வடக்குப் பொட்டல்பட்டி,
திருத்தங்கல் வழி.
ஆவணி மாதக் கடைசி, 2008.

சகல பாக்கியங்களும் பெற்று நீடூழி வாழ வேண்டிய மாப்பிள்ளை திரு. பாண்டிச்செல்வம் அவர்களுக்கு, மாமனார் கருப்பணன் மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே பசுமாடு நலம். நான் சுமார். உங்கள் அத்தை வீரலட்சுமி நலமா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும், அவளோ என்னிடம் பேசுவதில்லை. சென்னையில் தாங்களும், எங்கள் மகள் அருணாதேவியும், அவள் வயிற்றில் இருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தைக் கும்பிட்டு வருகிறோம், தனித்தனியாக.

இதை ஈமெயிலில் அனுப்பாமல் ஏன் தபாலில் அனுப்புகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். இன்று ரத்தினசாமி அண்ணன் முறை. அவர் முறையில் நான் கை வைத்தால் வெட்டுப்பழி குத்துப்பழி ஆகிவிடும். என்ன முறை, எதற்கு முறை என்பதெல்லாம் கீழே வருகிறது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

ஆனி மாதம் உங்கள் வீட்டில் அருணாவுக்கு வளைகாப்பு நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கையோடு கூட்டிவர, வேனுக்குள் மெத்தையெல்லாம் விரித்துக்கொண்டு வந்திருந்தோம். வளையல் போட்டு, பந்தி முடிந்து, நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது தாங்கள் பக்கத்தில் வந்து, "மாமா, தப்பா எடுத்துக்கிறாதீக. இவளத் தனியா அனுப்ப எனக்கு மனசு வரல. உங்க வீட்டுல வேகமான இன்டர்நெட் இருந்தா நானும் கூடவே வந்து, அங்கன இருந்தே கம்பெனி வேலையப் பாத்துருவேன். இல்லேன்னா அவ இங்கனயே இருக்கட்டும்" என்றீர்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இம்புட்டுத்தானா மாப்ளே? கரண்டு வாங்குன வீட்டுக்கு நெட்டு வாங்க முடியாதா?" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். மெத்தை காலியாகத் திரும்பி வந்தது. தாம்பரத்தில் மூடிய வாயை உங்கள் அத்தை விருதுநகர் வந்துதான் திறந்தாள். "ஒம்பதாம் மாசம் பெறக்குறதுக்குள்ள எம்மக நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கணும். அதுவரைக்கும் உங்ககூட எனக்குப் பேச்சில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துப் பேச்சுவார்த்தை முழுவதும் பசுமாட்டின் வழியாகத்தான் நடக்கிறது. "ஏ லெச்சுமி, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்று அவள் மாட்டிடம் சொல்வாள். நானும் மாட்டிடமே "வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவேன். மாடு பாவம், இரண்டு பக்கமும் தலையை ஆட்டுகிறது.

முதலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் வீட்டுக்கு முடியாது என்றார். "அண்ணாச்சி, இங்கருந்து தள்ளிப் போகப் போக வேகம் கொறஞ்சுக்கிட்டே போகும். உங்க வீடு எல்லைக்கு வெளிய இருக்கு. வயரு வரும், வேகம் வராது" என்றார். வேகம் இல்லாமல் வயரை வாங்கி நான் வேட்டியா காயப்போடுவேன்? திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்தபடியாக, சிவகாசியில் ஒரு தனியார் கம்பெனிக்காரர் வயரே வேண்டாம், மொட்டை மாடியில் ஒரு கம்பத்தை நட்டு அதன் உச்சியில் தட்டை மாட்டினால் காற்றிலேயே வந்துவிடும் என்றார். நட்டார். வெகு உயரம். திருத்தங்கல் பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வீடு அடையாளம் ஆகிவிட்டது. கம்பத்துக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக் கும்பிட்டு, கீழே இறங்கி ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள், பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். "அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணியிருக்கீக? அம்புட்டு உசரத்துக்கு இரும்ப நட்டு வச்சா இடி நேரா இங்கனதான எறங்கும்? எறங்குனா உங்க வீட்டோட நிக்குமா? இந்தா கெடக்கு எங்க மருந்து ரூமு! தீவாளி சீசன், கம்பெனி நெறைய சரக்கு கெடக்கு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை, நம் பக்கத்தில் வானம் லேசாக உறுமினாலே வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல. மகள் பிரசவத்துக்கு வரும் நேரத்தில் ஊரையே வெடியாக்கிவிட்டு, பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு நான் யாருக்குச் சீனி கொடுப்பது? அன்று மாலையே கம்பத்தை இறக்கிவிட்டோம். இப்போது அது கொல்லையில் கிடக்கிறது, அதில் உங்கள் அத்தை பாகற்கொடி ஏற்றியிருக்கிறாள். கம்பம் நட்டதில் வந்தது அந்தப் பாகற்காய் மட்டும்தான், அதையும் எனக்கே சமைத்துப் போடுகிறாள்.

இந்த நிலையில்தான் லைன்மேன் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். வீடுதான் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ரோட்டோரம் இருக்கும் உங்கள் கிணற்று மோட்டார் ரூம் எல்லைக்குள் வருகிறதே, அங்கே கனெக்ஷன் வாங்கினால் என்ன என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உடனே மோட்டார் ரூமை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, உரமூட்டையை வெளியேற்றி, பூச்சிமருந்து டப்பாக்களைப் பரணில் ஏற்றி, கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, லைனும் வந்து, விளக்கும் எரிந்து, சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நாள் அது பறந்தது. நானே பார்த்தேன். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடித் திறப்பதற்குள் விருதுநகர் மார்க்கெட்டின் வத்தல் விலை வந்து நின்றது. மாட்டிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மறுநாள் காலையில் நான் போனால், என் நாற்காலியில் ரத்தினசாமி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவர் என் பெரியப்பா மகன். அந்தக் கிணறு எங்கள் இருவருக்கும் பங்குக் கிணறு. ஒரு நாள் அவர் இறைப்பார், மறுநாள் நான் இறைப்பேன், தாத்தா காலத்து ஏற்பாடு. "ஏலே கருப்பணா, இன்னைக்கு எம் மொறைலே" என்றார். "அண்ணே, தண்ணிக்குத்தான மொறை? இது நெட்டு" என்றேன். "கெணத்துல பாதி எனக்கு. ரூமுல பாதி எனக்கு. ரூமுக்குள்ள வர்றதுல மட்டும் பங்கு கெடையாதா? தண்ணி வந்தா பங்கு, நெட்டு வந்தா ஒனக்கு மட்டுமா?" என்றார். கம்ப்யூட்டர் என்னுடையது, லைனும் என் பேரில் என்று சொல்லிப் பார்த்தேன். "மோட்டாரு எம் பேருல இருக்கு. நீ எறைக்கலையா?" என்று கேட்டார். பஞ்சாயத்தைக் கூட்டினேன். பிள்ளையார் கோவில் முன்னால் ஊர் கூடியது. எல்லோரும் என் பக்கம் பேசுவார்கள் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். கூட்டத்துக்கு அண்ணன் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆக, ஒன்று விட்டு ஒரு நாள் இன்டர்நெட் என்று தீர்ப்பாகி, சூடம் அணைத்துச் சத்தியமும் ஆகிவிட்டது.

தன் முறைக்கு அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்வதில்லை. முறை வீணாகக்கூடாது என்பதற்காக விடிந்ததும் வந்து பெட்டியைப் போட்டு, எதிரில் உட்கார்ந்து, பொழுது அடையும் வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாடு அங்கேயே வருகிறது. போன வாரம் அவர் முறையில் கரண்டு போய்விட்டது, அதற்கு ஈடாக என்னிடம் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீருக்கு அப்படித்தானே கொடுப்போம்? ஒரு நாள் கோபமாக வீட்டுக்கே வந்துவிட்டார். "நேத்து நீ பூராத்தையும் எறைச்சுட்டலே. இன்னைக்கு ஊறி வரவே மத்தியானம் ஆகிப்போச்சு. ஒரு படம் அரையும் கொறையுமா வந்து நிக்கி" என்றார். தாங்கள் படித்தவர், சிரிப்பீர்கள். ஆனால் என் அனுபவத்தில் அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. விடியக்காலையில் நிறைந்து கிடக்கிறது, சாயங்காலம் ஊரெல்லாம் இறைக்க ஆரம்பித்ததும் வற்றி விடுகிறது. ஊற்று எந்தப் பக்கம் இருக்கிறது, ஆழப்படுத்த வழி உண்டா என்று தங்கள் கம்பெனியில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுதவும்.

இதோடு முடிந்தால் தேவலை. மோட்டாரைப் போட்டால் கரண்டு இறங்கி, கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. ஆகவே என் முறையில் ஒன்று நாற்றுக்குத் தண்ணீர், இல்லாவிட்டால் நெட்டு. நாலு முறை தொடர்ந்து நான் நெட்டையே வைத்துப் பார்த்ததில் மிளகாய் நாற்றங்கால் தலை தொங்கிப் போயிற்று. உங்கள் அத்தை மாட்டைக் கிணற்றடிக்கே ஓட்டிக்கொண்டு வந்து, "ஏ லெச்சுமி, பச்சப்புள்ள கணக்கா வளத்த நாத்து கருகுது. இவுக பொட்டிக்குப் பாய்ச்சிக்கிட்டு இருக்காக. கேளு" என்றாள். மாடு கேட்கவில்லை, ஆனால் பார்த்தது.

எனவே மாப்பிள்ளை, எப்படியானாலும் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டேன். வேகமான இன்டர்நெட் இருக்கிறது. வீட்டில் இல்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருக்கிறது, நாற்றுக்குத் தண்ணீர் பாயாத நேரத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையைக் கொண்டுபோய் மோட்டார் ரூமில் உட்கார வைத்தான் என்று ஊர் பேசும் என்பதால், தங்கள் கௌரவத்துக்குக் குறைவில்லாமல் மெத்தை நாற்காலியும், சுவருக்குப் புது மயில்நீல பெயின்டும், வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரமும் ஏற்பாடு செய்திருக்கிறேன். தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தங்கள் மேனேஜரிடம் சொல்லி, ஒன்று விட்டு ஒரு நாள் வேலை என்று மாற்றிக்கொள்ளவும். முறை என்று சொன்னால் அவருக்குப் புரியும். அவர் அமெரிக்காவில் இருப்பதாக அருணா சொன்னாள், அங்கேயும் பங்காளிகளும் கிணறும் இல்லாமலா போகும்? ஒன்பதாம் மாதம் பிறக்க நாள் நெருங்கிவிட்டது. அதற்கு மேல் அருணாவைப் பயணம் செய்ய விடக்கூடாது. மகள் வரப்போகிறாளா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அத்தை பேசாமல் இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன், அந்த மெத்தையைத் தினமும் வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறாளே, அதைத்தான் பார்க்க முடியவில்லை. வேனை அனுப்பட்டுமா என்று மறுதபாலில் எழுதவும்.

தங்கள் தாய் தகப்பனாருக்கு எங்கள் வணக்கங்களும், அருணாவுக்கு எங்கள் அன்பும், வயிற்றுப் பிள்ளைக்குத் தலை தொட்டு ஆசியும் உரித்தாகுக. பெரிய கருப்பசாமி துணை.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
கருப்பணன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறையில் கோந்து தடவும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அருணா இறங்குகிறாள்! சென்னையிலிருந்து விருதுநகருக்கு வந்த அவளுடைய சிநேகிதி மஹ்ரீன் துணைக்கு இருந்து, ரயிலிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டி வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். தங்களுக்குச் சீட்டு எழுதி ஃபிரிட்ஜின் மேல் வைத்திருக்கிறாளாம், பார்க்கவும். நான் பதறிப்போய், "எம்மா, மோட்டார் ரூம்ல நெட்டு ரெடியா இருக்கு, ஆனா இன்னைக்குப் பெரியப்பா மொறை..." என்று ஆரம்பித்தேன். "பிள்ள பெறப்போறது நான்தானப்பா. எனக்கு எதுக்கு நெட்டு? அம்மா எங்க?" என்றாள். எக்ஸ்சேஞ்சில் கேட்டேன், லைன்மேனைக் கேட்டேன், ஊரைக் கூட்டிக் கேட்டேன், மாப்பிள்ளை, இவளை ஒருத்தரும் கேட்கவில்லை. தாங்களும்தான். உங்கள் அத்தை சத்தம் கேட்டு ஓடி வந்து, மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, என்னைப் பார்த்து நேரடியாக, "நின்னு என்ன பாக்கீக, மெத்தைய உள்ள எடுத்துப் போடுங்க" என்றாள். எடுத்துப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இன்னும் உறையை ஒட்டவில்லை, ராத்திரி மேலும் எழுதுகிறேன். சாப்பாட்டின்போது அருணா உங்கள் பேரைச் சொல்லிக் கண் கலங்கிவிட்டாள். இது ரத்தினசாமி அண்ணன் காதுக்குப் போய், அவரே வந்து, "புள்ளத்தாச்சி மாப்ளை மொகத்தப் பாக்கணுமாம்லலே. நாளன்னைக்கு எம் மொறைய அவளுக்கு விட்டுத்தாறேன். தண்ணி மொறையில ஈடு குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கடிதம் அதற்குள் வராது என்பதால் அருணா போனிலும் சொல்வாள். அன்று விடியக்காலையில், ஊற்று நிறைந்திருக்கும்போதே தாங்கள் அங்கே தங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள். இங்கே பெட்டியோடு வாங்கிய கேமராவில் அவள் முகம் தெரியும். நடுவில் முகம் அப்படியே நின்றுபோனால் பயப்பட வேண்டாம், உங்கள் அத்தை நாற்றுக்கு மோட்டாரைப் போட்டிருப்பாள்.