பவளச் சாமியின் செம்புத் தகடு

செவ்வாய்க்கிழமை காலையில் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பவளச் சாமியின் மண்டபத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கையில் தண்ணீர் பாட்டிலோடு எவன் ஓடுகிறானோ, அவன் பின்னால் ஓடினால் போதும். பாட்டிலில் இருப்பது குடிக்கிற தண்ணீர் அல்ல, வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் உப்புத் தண்ணீர். சாமி மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். கண்ணை மூடுவார். "ஏழாம் எடத்துல செவ்வாய் உக்காந்திருக்கான்" என்பார். ராக்கெட் விடுகிறவர்கள் இந்த மூக்கைப் பற்றி இன்னும் கேள்விப்படவில்லை, பாவம்.

சாமியின் தத்துவம் எளிமையானது. "செத்த பவளத்தை மோதிரத்துல போட்டாலே செவ்வாய் அடங்குறான். உசுரோட ஒரு பவளம் வூட்ல வளந்தா என்னா ஆவும்? யோசிச்சுப் பாருங்க!"

கூட்டம் கைதட்டியது. யோசித்திருந்தால் கைதட்டியிருக்காது.

செவ்வாய் தோஷமுள்ள பெண்ணின் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, உயிர்ப் பவளம் வளர்க்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள் அது உயிரோடிருந்தால் தோஷம் தீர்ந்தது, தாலி கட்டலாம். செத்துப்போனால் தோஷம் கடுமை, இன்னொரு பவளம் வாங்கு. பூ விழுந்தாலும் சாமிக்கு, தலை விழுந்தாலும் சாமிக்கு. தொட்டிக்குள் கிடக்க மந்திரித்த செம்புத் தகடு ஒன்றும் கொடுப்பார். செவ்வாய்க்கு உகந்த உலோகமாம். வாரம் ஒருமுறை எலுமிச்சம்பழம் தேய்த்துத் துலக்கி, மறுபடி தண்ணீரில் போட வேண்டும். பவளம் விற்பது மண்டபத்தின் பின்வாசலில் சாமியின் அக்காள் மகன் இளவரசு. எந்தக் கடலிலிருந்து வருகிறது என்று கேட்டால், "அருள் வழியா வருது" என்பான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் ராஜமாணிக்கம் ஏமாளி அல்ல. அதுதான் வேடிக்கை. முப்பது வருஷமாகக் கடை வாசலில் ஒரு பெரிய பக்கெட் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறார். மோட்டாரை அதில் போட்டு ஓட்டிக் காட்டாமல் ஒன்றைக்கூட விற்றதில்லை. கம்பெனிக்காரன் கோட்டு சூட்டோடு வந்தாலும், "அதெல்லாம் இருக்கட்டும், ஓட்டிக் காட்டு" என்பார். அப்படிப்பட்ட மனுஷன், மகள் ஸ்ரீமதியின் ஜாதகத்தில் செவ்வாய் என்று கேட்டதும் மூளையைக் கழற்றி அந்தப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டார். பாசம் இருக்கிற வீடாகப் பார்த்துத்தான் பயம் கடை விரிக்கிறது.

ஸ்ரீமதிக்கும் மேல்பட்டாம்பாக்கம் அறிவழகனுக்கும் நிச்சயம் ஆகிப் பத்து மாதம் ஓடிவிட்டது. பையனுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, ஸ்ரீமதிமேல் மட்டும்தான் நம்பிக்கை. தோஷம் தீரட்டும் என்று பிடிவாதம் பிடித்தது ராஜமாணிக்கம்தான். மூன்று பவளம் வாங்கினார். மூன்றும் இருபது நாள் தாண்டவில்லை. மூன்று தேதிகள் தள்ளிப்போயின. கடைசியில் பையனின் தாய்மாமன் சொல்லியனுப்பினார். "ஆவணிக்குள்ள முடிக்கலன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

அன்றைக்குத்தான் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரும் டப்பென்று வெடித்துப் புகைந்தது. ராஜமாணிக்கம் சாமிக்குப் போன் போட்டார்.

"செவ்வாய் நெருப்புக் கெரகம்" என்றார் சாமி. "பிளக்ல எறங்கிட்டான்."

ஸ்ரீமதி பரங்கிப்பேட்டைப் பக்கம் எறாக்குஞ்சுப் பண்ணையில், அதாவது இறால் குஞ்சு வளர்க்கிற இடத்தில், தண்ணீர் சோதிக்கிற வேலையில் இருந்தாள். அவள் கிரகத்தைத் தேடாமல் ஒயரைத் தேடினாள்.

"ப்பா, இங்க வந்து பாரு. ஒயரு தொட்டியில இருந்து நேரா பிளக்குக்கு எறங்குது. தண்ணி ஒயரைப் புடிச்சிக்கிட்டே உள்ள போயிருக்கு. உன் கடைக்கு வர்றவன் இப்படி மாட்டியிருந்தா என்னா சொல்லுவ?"

"அட அறிவு கெட்டவனே, ஒயரைக் கொஞ்சம் தொங்க வுட்டு, தண்ணி கீழ சொட்டிப்போற மாதிரி மாட்டக் கூடாதான்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சரி, பவளம் ஏன் சாவுது?" என்றார், தோற்காத குரலில்.

"எங்க பண்ணையில செம்புச் சாமானைத் தொட்டிகிட்டயே கொண்டுவர வுடமாட்டாங்க. செம்பு கரைஞ்சா எறாக்குஞ்சு செத்துப்போவும். பவளமும் அந்த மாதிரி பூஞ்சை உடம்புதான். நீ எலுமிச்சை வேற தேய்ச்சுத் தேய்ச்சுக் கரைய வெக்கிற."

"அது சாமி குடுத்த தகடும்மா!"

"சாமி குடுத்தா செம்பு தங்கமாயிடுமா? நீதான எதையும் ஓட்டிப் பாக்காம வாங்கமாட்ட? இதையும் ஓட்டிப் பாரு."

கடை வாசலில் இரண்டு பக்கெட் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே கடல்நீர், காற்று விட ஒரே மாதிரி குழாய், இருபது இருபது எறாக்குஞ்சு. ஒன்றில் மட்டும் சாமியின் தகடு, முறைப்படி எலுமிச்சை தேய்த்து. மூன்றாம் நாள் காலையில் தகடு கிடந்த பக்கெட்டில் ஒன்றுகூட அசையவில்லை. மற்றதில் இருபதும் துள்ளிக்கொண்டிருந்தன.

ராஜமாணிக்கம் பக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மகளுடைய மூன்று கல்யாணத் தேதிகளையும் தன் கையாலேயே தேய்த்துத் தேய்த்துக் கொன்றிருக்கிறார். அழுகை வந்தது. அப்போதும் ஒரு நப்பாசை.

"ஒருவேளை சாமிக்கே இது தெரியாதோ என்னவோ."

"அதையும் ஓட்டிப் பாத்துடலாம் ப்பா" என்றாள் ஸ்ரீமதி.

அடுத்த செவ்வாய் அப்பாவும் மகளும் சிதம்பரத்தில் வரிசையில் நின்றார்கள். மேடையில் சாமி, மார்பில் மைக். பின்னால் பத்தடித் தொட்டியில், நீல வெளிச்சத்தில் ஆரோக்கியமாக ஆடிக்கொண்டிருந்தன பவளங்கள். நாட்டிலேயே தகடு இல்லாத தொட்டி அது ஒன்றுதான் என்பதை அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. சாமி பாட்டிலை முகர்ந்தார், புதுத் தகடு ஒன்றை மந்திரித்துக் கொடுத்தார்.

"சாமி, இது நல்லதுதான?" என்றார் ராஜமாணிக்கம்.

"சாட்சாத் செவ்வாயோட கவசம்."

"அப்ப உங்க தொட்டியில ஏன் இல்ல?"

"என் தொட்டிக்குத் தோஷம் கெடையாது."

"தோஷம் இல்லாத தொட்டியில கவசம் கெடந்தா என்னா கெட்டுப்போவும்? சும்மா ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க சாமி."

"சாமியையே சோதிக்கிறான், வெளங்குவானா இவன்!" என்றது கூட்டம். இளவரசு கையைப் பிடிக்க வந்தான். அதற்குள் ராஜமாணிக்கம் தகட்டை எறிந்துவிட்டார். பொளக்!

அருள்வாக்கு முடியும்வரை ஆசனத்தை விட்டு எழக்கூடாது என்று விரதம் இருக்கிற சாமி, ஒரே தாவாகத் தாவினார். பட்டு வேட்டி நனைய, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். மார்பில் மைக் இருப்பது மறந்துபோயிற்று.

"டேய் இளவரசு! செம்புடா! எல்லாம் செத்துப்போயிடும்டா! தண்ணிய மாத்துடா!"

நாலு மூலை ஸ்பீக்கரிலும் அருள்வாக்கு அட்சரம் பிசகாமல் ஒலித்தது.

ஸ்ரீமதியின் குரல்தான் முதலில் கேட்டது.

"எங்க வூட்டுத் தொட்டியில போட்டா மட்டும் சாவாதா சாமி?"

பிறகு பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாமிக்கு அன்று நானூறு வீட்டு உப்புத் தண்ணீரில் அபிஷேகம். போலீஸ் வந்து பெயர் கேட்டபோது, "கோவிந்தசாமி, முன்னாடி அலங்கார மீன் கடை" என்று தும்மிக்கொண்டே சொன்னார்.

கூட்டத்துக்குப் புத்தி வந்ததா? எங்கே வந்தது! வாசலில் பத்துப் பேர் ராஜமாணிக்கத்தைச் சூழ்ந்துகொண்டு கும்பிட்டார்கள். "ஐயா, உங்களுக்குத்தான் நெஜமான சக்தி. எந்தக் கெழமை டோக்கன் குடுப்பீங்க?"

"நான் மோட்டார் விக்கிறவன்யா! ரெண்டாயிரம் ரூவா மோட்டாரைப் பக்கெட்ல போட்டு ஓட்டிப் பாக்குறீங்க. பெத்த புள்ள வாழ்க்கைய மட்டும் ஏன்யா ஓட்டிப் பாக்காம ஒருத்தன் கையில குடுக்குறீங்க?" என்று கத்தினார். பாதி தனக்கே சொல்லிக்கொண்டது.

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது, அதே மண்டபத்தில். செவ்வாய்க்கிழமைகளில் அது இப்போது காலியாக இருந்தது, வாடகையும் குறைவு. பந்தியில் கம்மாபுரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பரிமாறக் குனிந்த ராஜமாணிக்கத்தின் காதில் கிசுகிசுத்தார்.

"மச்சான், எங்க ஊருப் பக்கம் ஒருத்தரு வந்திருக்காரு. ஆமை நடக்குறதப் பாத்தே ஆயுசு சொல்றாராம்!"

"கூட்டிக்கிட்டு வா மச்சான்" என்றார் ராஜமாணிக்கம், அவர் இலையில் இன்னொரு வடையை வைத்தபடி. "பக்கெட் கடை வாசல்லதான் இருக்குது."