முந்தானையில் ஒரு மூளைச் செல்

ஆரணி,
16.8.2004

அன்பு மகள் தேவகிக்கு, அப்பா தனக்கோடி ஆசி கூறி எழுதுவது. இங்கே மழை இல்லை, மற்றபடி நலம். நலமில்லாததைக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

உன் அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. நீ எந்த வியாதிக்காகத் தொண்ணூற்று மூன்றில் பெங்களூர் போய் செல்லைப் பற்றிப் படித்து, பிறகு அமெரிக்கா போய் எலி மூளையை மெல்லிசாகச் சீவிச் சாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாயோ, அதே வியாதிதான். பட்டுநூலுக்குச் சாயம் போடுவது என்னோடு போகட்டும் என்று உன்னைப் படிக்கவைத்தேன். நீ விமானம் ஏறிப் போய் அங்கேயும் சாயம்தான் போடுகிறாய். அது கிடக்கட்டும்.

போன வாரம், அரக்கு நிறத்துக்கு எடுத்துவைத்த நூலைக் கிளிப்பச்சைத் தொட்டியில் முக்கிவிட்டாள். கல்யாணப் புடவைக்கான நூல். கேட்டால், "நானா போட்டேன்?" என்று என்னையே முறைக்கிறாள். அடுப்பை எரியவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் அவள்தான், மூக்குக்கண்ணாடியை அரிசிப் பானைக்குள் போட்டதும் அவள்தான். அது என் கண்ணாடி என்பதால் எனக்குக் கோபம் அதிகம். வெள்ளிக்கிழமை வேலூர் பஸ்ஸில் ஏறிக் கண்ணமங்கலத்தில் இறங்கி, இதுதான் ஆரணி என்று கடைத்தெரு முழுக்க நம் வீட்டைத் தேடியிருக்கிறாள். தறிக்கார ரங்கசாமிதான் பார்த்துக் கூட்டிவந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் கூடத்தான் இருந்தேன்.

இன்னொரு கூத்தையும் கேள். நீ அனுப்பிய பெரிய கலர் படம், பச்சைப் பசேலென்று கிளைவிட்ட மூளைச் செல், நடுவில் சிவப்பாக ஒரு முடிச்சு, அதை ரங்கசாமியிடம் கொடுத்து முந்தானையில் நெய்யச் சொல்லிவிட்டாள். "இன்னா டிசைனோ, பேஜாராப் பூடுமோன்னு பயந்துகினு இருந்தேண்ணே. களம்பூரு ரைஸ்மில்காரர் பொண்ணு முகூர்த்தத்துக்கு எடுத்துகினு போயிட்டாங்க" என்கிறார் அவர். அந்தச் சிவப்பு முடிச்சு வந்தால் செல் செத்துவிடும் என்று நீயே எழுதியிருந்தாய். சாகிற செல்லைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் தாலி கட்டிக்கொண்டாள். போட்டோவில் நன்றாகத்தான் இருந்தது.

"உங்க பொண்ணு அதுக்குத்தானே டாக்டரு, ஒரு மாத்திரை அனுப்பக் கூடாதா?" என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். அவள் செல்லுக்கு டாக்டர், ஆளுக்கு இல்லை என்று யார் யாருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது? உன் எலிகளுக்குக் கொஞ்சம் குணம் தெரிகிறதாமே, அதுகளுக்குக் கொடுப்பதில் ஒரு பொட்டலம் அனுப்பினால் என்ன? உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது, தேவகி. சாயங்காலமானால் வீட்டுக்குள் யாரோ நடமாடுகிறார்கள். எட்டிப் பார்த்தால் ஒரு அம்மாள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். "ஏம்மா அழறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அதற்கு இன்னும் அழுகிறாள்.

ஆகவே நீ வரவேண்டாம். வந்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகும். அங்கேயே இருந்து மருந்தைக் கண்டுபிடி, அதுவரை உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீயும் உன் எலிகளும் நீண்ட நாள் நன்றாக இருக்க வாழ்த்தும்
அப்பா
தனக்கோடி

பி.கு.: தேவகி, இதை அம்மா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. நூலைப் பச்சையில் போட்டது, அடுப்பு, கண்ணாடி, கண்ணமங்கலம் எல்லாம் அவர் செய்தது. போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே நிற்கிறார். உன் படத்தைத் தறிக்குக் கொடுத்தது மட்டும் நான்தான், அழகாக இருந்தது, கொடுத்தேன். இன்று காலையில் காபி கொடுத்தேன். "காபி நல்லாக்குதும்மா. நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் காபியை ஒருநாளும் நல்லாயிருக்கிறது என்று சொன்னவரில்லை. கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். ரங்கசாமி பேர் இருக்கிறது, களம்பூர் இருக்கிறது, என் பேர் எங்கேயும் இல்லை. மருந்து வர இன்னும் வருஷக்கணக்கில் ஆகுமென்று நீதானே சொன்னாய். உன் பேர் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுவும் போவதற்குள் வந்துவிடு.

பொன்னம்மாள்