நான்காவது கட்டம்

ஃப்ரேமுக்குள் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ஜீவிதா மறுபடி எண்ணினாள். மூன்றுதான்.

"எப்படிக்கா, சக்கத்தா இருக்குல்ல?" என்றான் தம்பி கவின்ராஜ். பின்லாந்திலிருந்து வந்த பார்சலை அவளுக்குக் காட்டாமலே கொண்டுபோய் ஃப்ரேம் போட்டு, மண்டி மொஹல்லா வீட்டுச் சுவரில் மாட்டியும்விட்டான்.

"என் படம் எங்கடா?"

போன மாதம் பின்லாந்துப் பயிலரங்கில் நான்கு கார்ட்டூனிஸ்டுகள் சேர்ந்து, ஆளுக்கொரு கட்டமாக வரைந்தது அது. செல்போனைக் கீழே வைக்காத ஒரு மனிதர்: பிரசவ அறையில், மணமேடையில், அலுவலகத்தில். கடைசிக் கட்டம் ஜீவிதாவுடையது. பாடையில் போகிறவர் காதில் போனை வைத்துக்கொண்டு, "அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறார். சிரிப்பே அங்கேதான். அந்த நால்வரும் சேர்ந்து ஒரு புத்தகம் போடுவதாக ஏற்பாடு. அதுதான் அவளுடைய முதல் புத்தகம்.

நால்வரில் ஒருத்தியான, படத்தை அச்சடித்து அனுப்பிய பின்லாந்துக்காரி ஐனோவுக்கு, கோபத்தை அடக்கி, நான்கு தரம் திருத்தி எழுதினாள்: "என் கட்டம் எங்கே?"

"வலது ஓரத்தில்" என்று பதில் வந்தது.

"திமிரைப் பாருடா. வலது ஓரத்துல ஃப்ரேம் கட்டைதான் இருக்கு."

"விடுக்கா. மூணே நல்லாத்தான் இருக்கு."

"நீ வாயை மூடு."

சுவரிலிருந்த படத்தைப் போட்டோ எடுத்து நால்வரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பிரேசில்காரர் பாவ்லோ ஐனோவைத் திட்டித் தீர்த்தார். "நான் எதையும் வெட்டவில்லை" என்று எழுதிவிட்டு ஐனோ குழுவிலிருந்து வெளியேறினாள்.

ஜீவிதாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மிரட்டினால்தான் வழிக்கு வருவார்கள் என்று, "புத்தகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்" எனப் பயிலரங்க அமைப்பாளர்களுக்கு எழுதினாள்.

அரைமணியில் பதில் வந்தது. "எடுத்துவிட்டோம். உங்கள் இடத்தில் வரையப் பாவ்லோவின் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறார்."

இனி அந்தத் தாளையே திருப்பி அனுப்பி நிரூபித்தால்தான் உண்டு. படத்தைக் கழற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, தேவராஜ மொஹல்லா ஃப்ரேம் கடைக்குப் போனாள்.

"இதைப் பிரிங்கண்ணா. அனுப்பினவ மூஞ்சியிலயே விட்டெறியணும்."

கடைக்காரர் பழனிமுத்து ஹனூர்ப் பக்கத்துக்காரர். ஆணியை நெம்பப் போனவர் கையை நிறுத்தினார்.

"மறுக்கா ஊட்டுல மாட்ட மாட்டீங்களே அம்மிணி?"

"மாட்ட மாட்டேன். ஏன்?"

"இல்லீங்க, ஓரத்துல ஒரு பாடை இருந்துச்சுங்க. குடியிருக்கற ஊட்டுல அதை மாட்டலாமுங்களா? அதான் வெட்டாம, பதனமா உள்ளுக்கு மடிச்சு வெச்சுட்டேன்."