நாலு மணிக்கு எழாத இடம்

ஏரிக்குப் போவதில் ஒரு சிக்கலும் இல்லை. போகும்போது வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார் என்பதுதான் சிக்கல்.

தாராவியில் ட்ரெக்கிங் பைகள் தைக்கிற ஒரு பட்டறையில் வேல்ராஜ் பல வருடமாக மெஷின் மிதிக்கிறான். மலையேறுகிறவர்களின் முதுகுக்குப் பை தைத்தவன், மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தைத் தவிர வேறு எந்த உயரத்திலும் ஏறியதில்லை. பை வாங்கும் கம்பெனி ஒன்று முதலாளி நஜிமுதீனுக்கு இரண்டு நாள் தங்கலைப் பரிசாகக் கொடுத்திருந்தது. கசாராவுக்கு அப்பால் மலைக்கு மேலே, ஏரிக்கரையில் ஒரு மரக் கேபின். பின்னால் காட்டுக்குள் நடைபாதை. கொசுக்கடி வாங்க அவ்வளவு தூரம் எதற்கு, அது இங்கேயே கிடைக்கிறதே என்று நஜிமுதீன் அதை வேல்ராஜிடம் தள்ளிவிட்டார். வேல்ராஜின் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்த சமயம்.

போனில் இருந்த ஏரிப் படத்தை அவன் மனைவி இசக்கிசெல்வியிடம் காட்டினான். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அங்க காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?”

“எந்திரிக்கவே வேண்டாம். தூங்கிட்டே கிட.”

ஏரியைவிட இந்தப் பதில்தான் அவளை மயக்கியது. கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த மறுநாளிலிருந்து அவள் நாலு மணிக்கு எழுகிறாள். காய்ச்சலிலும் எழுந்தாள். பிரசவத்துக்குப் போன அன்றும் டிரம்மை நிரப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெயில் முகத்தில் அடித்துக் கண் விழிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஆறு வீட்டுக்கு ஒரு குழாய், அதில் தண்ணீர் வருவது விடிகாலை நாலு மணிக்கு. முதல் நாலு வீட்டுக்குத் தண்ணீர் ஓடும். ஐந்தாவது வீட்டுக்கு ஒழுகும். ஆறாவது வீட்டுக்குக் குழாய் இருமும். ஒரு நாள் ஆள் வராத வீடு வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்பது சட்டம். இசக்கிசெல்விக்கு இரண்டாவது இடம். அதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

டோம்பிவிலியிலிருந்து அவள் தம்பி மகேஷ்குமாரை வரவழைத்தார்கள். லோக்கல் ரயிலில் நசுங்காமல் தாராவியிலிருந்தே இரண்டு நாள் ஆபீஸ் போகலாம் என்பதால் அவன் உடனே ஒத்துக்கொண்டான். பழகிக்கொள்ளட்டும் என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு நாள் அவனைக் குழாயடிக்கு அனுப்பினாள் அக்கா. வெறும் குடத்தோடு திரும்பி வந்தான்.

“எல்லாம் லேடீஸா நின்னாங்கக்கா. முதல்ல நீங்க போங்கன்னு விட்டுட்டேன்.”

“ஏலே, குழாயடியில லேடீஸ் நிக்காம மந்திரியாலே நிப்பாரு?”

அன்று குழாய் அவர்கள் வீட்டுக்கு இருமியது. இரண்டாவது வீடு ஆறாவது வீடாகிவிட்டது. இடம் திரும்பக் கிடைக்காமல் தான் ஸ்டேஷன் பக்கம்கூட வரப்போவதில்லை என்று இசக்கிசெல்வி சொல்லிவிட்டாள்.

குழாயடியின் சட்டம் மீனாட்சியம்மாள் கையில் இருந்தது. இட்லி அவித்து விற்பவர். மழைக்கால வெள்ளத்தில்கூட வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டவர். வேல்ராஜ் போனோடு போய் நின்றான். மச்சினன் செய்த முட்டாள்தனத்தைச் சொன்னான், மனைவி பார்க்காத தூக்கத்தைச் சொன்னான், படத்தையும் காட்டினான். அவர் போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறு கையில் இருந்த இட்லித் தட்டைக் கீழே வைத்தார்.

“இவ்வளவும் தண்ணியாய்யா?”

“ஆமா சித்தி.”

“மாஹிம் கடல் மாதிரி உப்பா இருக்கும்.”

“நல்ல தண்ணி, சித்தி.”

“மூடாமயா போட்டு வச்சிருக்கான்?”

வேல்ராஜ் போனை வாங்கிப் படத்தை மறுபடி பார்த்தான். அதுவரை அவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இடம் திரும்பக் கிடைத்தது. ஒரே நிபந்தனை, தன்னையும் கூட்டிப்போக வேண்டும் என்றார் மீனாட்சியம்மாள். சாயங்காலமே முதல் வீட்டு விஜயலட்சுமி வந்து நின்றாள். சித்தி இல்லாத நாளில் தன் முதலிடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டாள். மற்ற மூன்று வீடுகளுக்கும் அதே பயம். மீனாட்சியம்மாள் இட்லி மாவு கரைத்தபடியே தீர்ப்புச் சொன்னார்: வரிசை முழுவதும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பினால் யாருக்கும் இடம் போகாது. அந்த இரண்டு நாளும் ஆண்கள் பிடித்து வைக்கட்டும், அது கணக்கில் சேராது. யாராலும் குறை சொல்ல முடியாத தீர்ப்பு. மகேஷ்குமாருக்கும் வசதி, வழிவிட லேடீஸ் யாரும் இருக்க மாட்டார்கள்.

இசக்கிசெல்வி மட்டும் அன்று சோற்றைத் தட்டில் போட்ட விதம் சரியில்லை.

“நாலு மணிக்கு இந்த மூஞ்சிகளைப் பாக்காம இருக்கத்தான போறோம்? நீங்க என்னன்னா மூஞ்சிகளையும் சேத்து ரயில் ஏத்துதீங்க.”

“அங்க நாலு மணிக்கு எல்லா மூஞ்சியும் தூங்கும்ட்டி. நான் சொல்லுதேன்லா.”

அந்த வாக்குக்காக அவள் சமாதானமானாள்.

கேபினைப் பார்த்துக்கொள்ளும் ஹரிக்கு வேல்ராஜ் போன் போட்டு, இரண்டு பேர் ஏழு பேரானதை இந்தியில் விளக்கினான். ஹரி அலட்டிக்கொள்ளவில்லை. கூடாரங்கள் இருக்கின்றன, வரட்டும் என்றான். ஆளுக்கு ஒரு வாளி மட்டும் கொண்டுவந்தால் நல்லது என்றான். கேம்பிங் வீடியோக்கள் நிறையப் பார்த்திருந்ததால் வேல்ராஜுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காட்டில் தீ மூட்டிக் குளிர் காய்வார்கள், அணைக்க வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் அப்படியே விளக்கினான். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இசக்கிசெல்வி மட்டும் தன் வாளியைக் கவிழ்த்து வைத்து, அதற்கும் லீவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கசாரா வரை ரயில். அங்கிருந்து ஜீப். மலைப்பாதை வளைய வளைய, வாளிகள் ஒன்றோடொன்று மோத, விஜயலட்சுமி விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். கடைசித் திருப்பத்தில் பேச்சு நின்றது.

படத்துக்கு ஓரம் இருந்தது. இதற்கு இல்லை.

மலைகளே அதன் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தன. சாயங்கால வெயில் ஒரு கரையில் விழுந்து மறு கரை வரை போயிருந்தது. சத்தமே இல்லை. இவர்களுக்குத் தண்ணீர் என்றால் சத்தம்தான்: குழாயின் இருமல், குடங்களின் இடி, யாராவது யாரையாவது திட்டுவது. இத்தனை தண்ணீர் யாரையும் அவசரப்படுத்தாமல் சும்மா கிடந்தது. நின்றுவிடுமோ என்ற பயமே அதனிடம் இல்லை.

ஜீப்பிலிருந்து வாளியோடு இறங்கினார்கள். யாரும் ஓடிப்போய்க் காலை நனைக்கவில்லை. மீனாட்சியம்மாள் செருப்பைக் கழற்றினார். கரையில் முதலில் விஜயலட்சுமி நின்றாள், அடுத்து இசக்கிசெல்வி, அடுத்து மீனாட்சியம்மாள், பிறகு மற்ற மூவரும். இப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. அப்படி நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவும் இல்லை.

இசக்கிசெல்வி குனிந்து ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டாள். உடனே கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவளா?”

“யாருட்டி கேக்கப் போறா?”

அவள் மறுபடி தொட்டாள். இந்த முறை கையை எடுக்கவில்லை.

“நாளைக்கு வெயில் சுட்டாத்தான் எந்திரிப்பேன், பாத்துக்கோங்க” என்றாள்.

கேபின் பக்கமிருந்து ஹரி இரண்டு காலிக் குடங்களோடு இறங்கி வந்தான். வாளியும் கையுமாக வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இந்தியில் சொன்னான்:

“வரிசை அருமையா போட்டிருக்கீங்க, அக்கா, ஆனா இது பம்பாய்க்குப் போற தண்ணி, நமக்கு டேங்கர்தான், காலைல நாலு மணிக்கு வரும்.”