மூன்றாம் ஓலையும் ஒரு பழைய காரும்

பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவரைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். அவரும் என் கண் முன்னாலேயே மூன்று வாரம் மூச்சு விடாமல் பொய் சொன்னார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று பிரேசர் டவுனில் யாருக்கும் தெரியாது. அபவுட் டர்ன் மாஸ்டர் என்று சொன்னால் ஜட்கா வண்டிக் குதிரை கூட நேராக அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கத்தி முனை போல மடிப்பு வைத்த காக்கி அரை டிராயர், கழுத்தில் விசில். அந்த விசிலைக் குளிக்கும்போது கழற்றுவாரா என்பது பற்றித் தெருவில் இரண்டு கட்சி உண்டு. பால்காரன் வந்தால் "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் பாத்திரம் எடுக்க உள்ளே போவார். எனக்கு அப்போது அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை; அவர் வீட்டுப் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். மாதம் பிறந்தால் வாடகையை அட்டென்ஷனில் நின்றுதான் கொடுக்க வேண்டும்.

மனைவி இல்லாதவர். ஒரே மகள் எஸ்தர். ஐம்பதுகளில் ஒரு வருஷம் அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை டேனியல், காப்பிப்பொடிக் கடை அருளப்பாவின் மகன். அருளப்பா எப்படிப்பட்டவர் என்றால், அவர் தெருவில் நடந்துபோன பிறகும் கொஞ்ச நேரம் காப்பி வாசனை நிற்கும். நல்ல மனிதர், ஆனால் சின்ன விஷயத்துக்கும் வியர்த்துவிடும்.

"என் பொண்ணு ஜட்காவுல கோயிலுக்குப் போகக் கூடாது. சொந்தக் கார்ல, நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போவேன்" என்று மாஸ்டர் சபதம் போட்டார். அருளப்பா அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். பழைய இங்கிலீஷ் காரைச் சம்பந்திக்கே விலைக்குக் கொடுத்துவிட்டார். மாஸ்டர் அதை ஓட்டி வந்து, விசில் ஊதித் தெருவுக்கே அறிவித்து, காம்பவுண்டுக்குள் கம்பீரமாக நுழைத்து நிறுத்தினார். பட்டாளத்தில் லாரி ஓட்டிய கை, சும்மாவா?

மறுநாள் காலையில் கார் வெளியே வரவில்லை.

இஞ்சின் ஓடியது. ஹாரன் அடித்தது. முன்னால் போகச் சொன்னால் துள்ளியது. பின்னால் போ என்றால் உள்ளே யாரோ கரும்பு கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. மாஸ்டர் வீட்டுக்கு இருந்தது ஒரே கேட். காரின் மூக்கு சுவரைப் பார்த்து நின்றது.

பிளாக்பள்ளியிலிருந்து மெக்கானிக் வந்து கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "ரிவர்ஸ் கியர்ல ஒரு பல்லு கூட பாக்கியில்ல சார். புதுச் சக்கரம் சீமையில இருந்து கப்பல்ல வரணும்."

"எப்போ வரும்?"

"கப்பலைத்தான் கேக்கணும்."

எஸ்தர் தெளிவான பெண். "அப்பா, நேரா அவங்ககிட்ட சொல்லிடுங்க. இதுல என்ன இருக்கு?"

"பொண்ணைக் கொடுக்கிற இடத்துல பழைய காருக்குப் பஞ்சாயத்து வைக்கச் சொல்றியா? கல்யாணத்துக்கு முந்தி சொன்னா சண்டை. பிந்தி சொன்னா குத்தல். அதனால சொல்றதே இல்ல" என்றார் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர், மூணு ஓலையும் முடியற வரைக்கும் இந்த விஷயம் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது."

ஓலை என்றால் என்னவென்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று போதகர் ஐயா சபை நடுவே வாசிப்பார். யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம். மூன்றாம் ஓலையும் தாண்டிவிட்டால் கல்யாணம் நடந்த மாதிரிதான். முதல் ஓலை வருகிற ஞாயிறு. மூன்றும் முடிவதற்குள் சம்பந்திகள் முகம் சுளித்துக்கொண்டால் எஸ்தரின் கல்யாணம் என்னாவது? மாஸ்டரின் பயம் எனக்குப் புரிந்தது. தாயில்லாத பெண்ணை அவர் தலை பின்னிவிட்டு வளர்த்திருந்தார்.

சரி, காரை வெளியே கொண்டுவர வேண்டுமே. எதிர்வீட்டு பேக்கரி பாய், அவர் கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள், நான், எல்லோரும் அணிவகுக்கப்பட்டோம். மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார்.

"ஸ்குவாட்! பானெட்டுக்கு முன்னால ரெண்டு வரிசை! லெப்ட் ஹேண்ட் விளக்கு மேல, ரைட் ஹேண்ட் மட்கார்டு மேல! விசில் ஊதினா தள்ளணும், இன்னொரு விசில் ஊதினா நிறுத்தணும்!"

"க்யா மாஸ்டர் சாப், ரொட்டி அடுப்புல கருகுது" என்றார் பாய்.

"நோ டாக்கிங் இன் தி ராங்க்ஸ்!"

தள்ளினோம். அன்றிலிருந்து கார் காம்பவுண்டுக்குள் போகவில்லை. தெருவில், இறக்கத்தைப் பார்த்த மாதிரி நிற்கும்.

அதன் பிறகு மாஸ்டர் காரோட்டிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அங்கே போய்த் திரும்ப இடமில்லை என்பதால் கோக்ஸ் டவுன் வழியாகப் போய் இன்னொரு பக்கமாக வருவார். ஒரு நாள் "ஆபீஸ்ல இறக்கி விடறேன், ஏறுங்க மிஸ்டர்" என்றார். நம்பி ஏறினேன். வழியில் ஒரு கட்டை வண்டி குறுக்கே நின்றது. பின்னால் எடுத்து வேறு தெருவில் போக வேண்டியதுதானே? எங்களால் முடியாது. கிடைத்த சந்தில் திரும்பி, அதிலிருந்து இன்னொன்றில் திரும்பி, அல்சூர் ஏரியைச் சுற்றி, ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார்கள்.

நாற்சந்தியில் ஒரு போலீஸ்காரர் கோட்டைத் தாண்டிவிட்டதாக நிறுத்தினார். "ஸ்வாமி, ஸ்வல்ப ஹிந்தே தகோளி" என்று கன்னடத்தில் மரியாதையாகத்தான் பின்னால் எடுக்கச் சொன்னார். மாஸ்டர் இறங்கி, ஒரு சல்யூட் அடித்து, தன் பட்டாளத்து நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பர்மா எல்லை வருவதற்குள் போலீஸ்காரரே வழி விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில், அருளப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் காரை வானளாவப் புகழ்வார்.

"வண்டி எப்படி இருக்கு மாஸ்டர்?"

"வண்டியா அது? தேர்! ஒரு குறை சொல்ல முடியாது!"

இதைக் கேட்டால் வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். அருளப்பா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொள்வார். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் அருளப்பா தானே வந்து "ஒரு ரவுண்டு போகலாமா மாஸ்டர்?" என்றார். மாஸ்டர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. துணைக்கு என்னையும் பின் சீட்டில் திணித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அருளப்பா வலது கையை நீட்டினார். "இந்தச் சந்துலதான் என் தம்பி வீடு. உள்ள போய் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வரலாமே."

முட்டுச்சந்து. நுழைந்தால் நுழைந்ததுதான்.

"சம்பந்தி, காத்து என்னமா வருது பார்த்தீங்களா! இதை விட்டுட்டு யாராவது வீட்டுக்குள்ள போவாங்களா?" என்று மாஸ்டர் காரை விரட்டினார். ஊர் முடிந்தது. தோட்டங்கள் வந்தன. எலஹங்கா வந்தது. திரும்ப வசதியாக ஒரு மைதானம் அகப்படும் வரை கார் போய்க்கொண்டே இருந்தது. "ரொம்ப தூரம் வந்துட்டோமே" என்று அருளப்பா ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஓலையும் வந்தது. என்னையும் கூட்டிப்போனார்கள். அன்று பார்த்து நேரமாகிவிட்டது. மாஸ்டர் வழக்கமாக நிறுத்தும் இறக்கத்தில் ஏதோ மாட்டு வண்டிகள். வேறு வழியில்லாமல் கோயில் கேட்டுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து, காரைச் சொருகிவிட்டு உள்ளே ஓடினோம். கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. பெண்கள் பக்கம் முன் வரிசையில் எஸ்தர், இந்தப் பக்கம் முன் வரிசையில் அருளப்பாவும் டேனியலும்.

போதகர் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். அதே சமயம் கோயில் வாட்ச்மேன் குனிந்தபடி வந்து மாஸ்டர் காதில் சொன்னான்: "மாஸ்டர், உங்க வண்டி கேட்டை அடைச்சிக்கிட்டு நிக்குது. டாக்டர் அவசரமா போகணுமாம். கொஞ்சம் பின்னாடி எடுத்துடுங்க."

பின்னாடி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மாஸ்டருக்கு நிதானம் போய்விட்டது. விறைப்பாக எழுந்து நின்றார். அவருக்கு எழுந்திருப்பது என்றாலே அட்டென்ஷன்தான். நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலைச் சேர்த்து டக்கென்று ஒரு சத்தம்.

போதகர் ஐயா அந்த விநாடியில்தான் சொல்லி முடித்தார்: "...இந்த விவாகத்துக்கு ஆட்சேபனை உள்ளவர்கள் எவராகிலும் இருந்தால் இப்பொழுதே அறிவிக்க வேண்டும்."

கோயில் முழுதும் திரும்பிப் பார்த்தது. பெண்ணைப் பெற்றவரே நிற்கிறார்! ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர்... நீங்களா?"

எஸ்தர் முகம் வெளுத்துப்போனது. நான் அவர் டிராயரைப் பிடித்து இழுத்தேன். தூணை இழுத்த மாதிரி இருந்தது. அதற்குள் முன் வரிசையில் அருளப்பா துள்ளி எழுந்தார்.

"ஐயா, தப்பெல்லாம் என்னுடையது! குறை இருக்கிறது நிஜம்தான். ரிவர்ஸ் கிடையாது!"

"யாருக்கு?" என்றார் போதகர், டேனியலை மேலும் கீழும் பார்த்து.

"காருக்கு ஐயா!"

பெண்கள் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டது பின் பெஞ்ச் வரை கேட்டது. அருளப்பா அழாத குறையாகச் சொல்லிக்கொண்டே போனார். "எங்க வீட்டுக்கு ரெண்டு கேட். ஒண்ணுல நுழைஞ்சு ஒண்ணுல வருவோம். ரிவர்ஸ் போட வேண்டிய வேலையே வந்ததில்லை. வித்த பிறகுதான் பழைய டிரைவர் சொன்னான். எனக்குத் தூக்கமே போச்சு ஐயா. மாஸ்டர் வந்து திட்டுவார்னு பார்த்தேன், திட்டல. தேர்னு புகழறார்! ஓலையிலே எழுந்து சபை நடுவுல கேக்கத்தான் வச்சிருக்கார்னு நினைச்சேன். விஷயம் தெரியுமான்னு பார்க்கத்தான் அன்னைக்குத் தம்பி வீட்டுச் சந்துக்குள்ள கூப்பிட்டேன். எலஹங்காவுக்குக் கூட்டிட்டுப் போனப்போ வழியில இறக்கி விட்டுடுவார்னு நினைச்சேன்!"

"கார்ல ஒரு குறையும் இல்ல!" என்று மாஸ்டர் கர்ஜித்தார். பழக்க தோஷம். அப்புறம் தான் நிற்கிற இடம் ஞாபகம் வந்து, சிலுவையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரிவர்ஸ் மட்டும் இல்ல. மத்தபடி நல்ல வண்டி."

"கல்யாணத்துக்கு ஆட்சேபனை உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க ரெண்டு பேரும்" என்றார் ஐயா.

"இல்லை!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அதெல்லாம் சரிங்க, கேட்டு இன்னும் அடைச்சிதான் இருக்கு" என்றான் வாட்ச்மேன்.

ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டு, கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் பானெட்டுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றார்கள். முதல் வரிசையில் அருளப்பா. மாஸ்டர் விசில் ஊதினார். கார் பின்னால் போனது. நான் பார்த்த அணிவகுப்புகளிலேயே அதுதான் சிறந்தது.

காரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அருளப்பா கெஞ்சினார். மாஸ்டர் சம்மதிக்கவில்லை. கல்யாணத்தன்று மல்லிகைச் சரம் சுற்றிய அதே காரில்தான் எஸ்தரைக் கோயிலுக்கு ஓட்டிப் போனார். சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அருளப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஒரு கேட்டில் நுழைந்து, அவர்களை இறக்கி, சல்யூட் அடித்து, இன்னொரு கேட்டில் வெளியே வந்தோம். ரோட்டுக்கு வந்ததும் மாஸ்டர் சொன்னார்: "ரிவர்ஸ் இல்லாதது நல்லதாப் போச்சு மிஸ்டர். இருந்திருந்தா அப்படியே பின்னால போயிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கப்பல் ஒரு வழியாக வந்தது. சீமைச் சக்கரத்தை அருளப்பா தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். மாஸ்டர் நன்றி சொல்லி வாங்கி, பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பொருத்தவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் காரை எடுத்துக்கொண்டு நேராக அருளப்பா வீட்டுக்குப் போவார். ஒரு கேட்டில் நுழைந்து, எஸ்தர் கையால் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, மறு கேட்டில் வெளியே வருவார்.

"என்ன மாஸ்டர், தினம் இந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால், "வேற வழி இல்லப்பா, வண்டி வேற எங்கயும் திரும்ப மாட்டேங்குது" என்பார்.

அது பச்சைப் பொய் என்று பிரேசர் டவுன் முழுவதுக்கும் தெரியும். அருளப்பா வீட்டில் மட்டும் சாயங்காலமானால் இரண்டு கேட்டையும் திறந்து வைத்துவிடுவார்கள்.